ஏழு காசிமாயன்களும் ஒரு கரும்பலகையும்

திக்கெட்டும் புகழ் பரவிய, புகழ் பரவாவிட்டாலும் காற்றடிக்கும் திக்கிலாவது குரல் பரவிய, உசிலம்பட்டி மைக் செட்டு முதலாளியும், இரண்டு ஆம்பிளிஃபயர், ஆறு குழாய், நாற்பது டியூப் லைட் ஆகியவற்றின் ஏகச் சக்கரவர்த்தியுமான உன் சித்தப்பன், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாட்ஜ் அறையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தன் மகனுக்கு விடுக்கும் பிரகடனம் இது. அண்ணன் மகனையும் மகன் என்றுதான் நம் பக்கம் சொல்வது. ஆகவே உன்னைப் பெற்ற அண்ணனுக்கு எம்புட்டு உரிமையோ அம்புட்டு உரிமை எனக்கும் உண்டு. வாய் மட்டும் அவரைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதல். நீ அவருக்குப் போட்ட இன்லண்டு லெட்டரை இரண்டு தடவை படித்துவிட்டு என் மேசையில் வைத்து, "நீயே பதில் எழுது. எனக்கு எழுதுனா ரெண்டு வரிக்கு மேல வராது" என்றார். எனக்கு இரண்டு தாளுக்குக் குறைந்து எதுவும் வராது என்பது உலகறிந்தது. இந்த உறையை நான் ஒட்டவில்லை. டவுன் பஸ் கண்டக்டர் கையில் அப்படியே கொடுத்தனுப்புகிறேன். செக்கானூரணியில் டீ குடிக்க நிற்கும்போது அவர் படிக்கலாம். மனமிருந்தால் பஸ்ஸுக்கே வாசித்தும் காட்டலாம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் உன் கடிதத்துக்கு வருவோம். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி, நோயாளிகளின் சீட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் வேலைக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறது. நாலு மாதம் அவகாசம் தருகிறோம், டேட்டாபேஸை ஒழுங்காக வடிவமைப்பது எப்படி, எஸ்.க்யூ.எல். எழுதுவது எப்படி என்று எங்காவது பயிற்சி எடுத்துக்கொண்டு வா, சம்மதமா இல்லையா என்று திங்கட்கிழமை சொல் என்றிருக்கிறார்கள். ராஜ மரியாதை! பட்டத்து யானை மாலை போட்டு ராஜாவாக்குவது போலத் தேடி வந்த இந்த வேலைக்கு, நீயோ "முடியாது என்று சொல்லப் போகிறேன், அப்பா" என்று எழுதியிருக்கிறாய். காரணமும் எழுதியிருக்கிறாய்: "மாசிக் கும்பிடில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கறி மாறினால் சண்டையோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் ஆள் மாறினால்? ஒருவருக்கு ஏற்ற வேண்டிய ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றினால்?" மகனே, இந்த வரியைப் படித்ததும் என் மீசை, இருபது வருடமாக மேல் நோக்கியே நின்ற மீசை, கீழே இறங்கிவிட்டது. ஏனென்றால் மாசிக் கும்பிடில் நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கதையை இரண்டு வருடம் முன்னாலிருந்து தொடங்கவேண்டும். நீ பி.காம். முடித்ததும் உன்னைக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்க்க மதுரைக்குக் கூட்டிப் போனது யார்? இந்த மகான்தான். மேலமாசி வீதிப் பக்கம் ஒரு கண்ணாடிக் கதவு. தள்ளினேன். உள்ளேயிருந்து வந்த குளிரில் என் வேட்டி விறைத்துத் தகரம் போல நின்றது. சித்திரை வெயிலில் மதுரைக்குள் ஒரு காஷ்மீரம்! கழுத்தில் டை கட்டிய பிள்ளைகள், தரையில் கம்பளம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கோயில் மாதிரி இருக்கிறது, இங்கே சாமி இல்லாமல் போகுமா என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். என்ன சொல்லித் தருவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஏ.சி. நாள் பூரா ஓடுமா?" என்று மட்டும் கேட்டேன். ஓடும் என்றார்கள். உன்னைச் சேர்த்தேன். நீ மூன்று மாதம் படித்தாய், எல்லாக் கட்டளையும் கற்றுக்கொண்டாய், தங்கப் பார்டர் போட்ட சர்டிபிகேட்டோடு வந்தாய். அதை உன் சித்தி ஃபிரேம் போட்டு மாட்டினாள். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. மூன்று மாதத்தில் என்ன தரமுடியுமோ அதைத் தந்தார்கள். கேட்காமல் வாங்கியவன் நான்.

அதன்பிறகு வந்தது மாசி மாதக் குலசாமி கும்பிடு. கிடாய் வெட்டி, கறியைக் கூறு போட்டு, ஒரு தலைக்கட்டுக்கு ஒரு பங்கு என்று எல்லா வீட்டுக்கும் சமமாகக் கொடுப்பது நம் வழக்கம். பெரிய வீடு, சின்ன வீடு பேதம் கிடையாது. பங்கு வராவிட்டால் அந்த வீட்டைப் பங்காளியாகவே மதிக்கவில்லை என்று அர்த்தம். ஒரு எலும்புக்காக மூன்று தலைமுறை பேசாமல் இருந்த வீடுகள் நம் ஊரில் உண்டு. இந்த மாபெரும் ராஜாங்கக் காரியத்தில் நான் மூக்கை நுழைத்தேன். "இந்த வருசம் லிஸ்ட்டு கம்ப்யூட்டர்ல வருது. எம் மகன் போட்டுத் தாரான்!" என்று ஆறு குழாயையும் கட்டி ஒரு வாரம் முழங்கினேன். அமெரிக்காக்காரன் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டிருப்பான்.

நீ பாவம், நோட்டும் கையுமாக வந்தாய். ஊரில் யாருக்கும் சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை என்பது உனக்குத் தெரியும். நெட்டை, டெய்லர், சோடாக்காரர், பட்டாளத்தார் என்றுதான் எழுத ஆரம்பித்தாய். நான்தான் தடுத்தேன். "பட்டப்பேரெல்லாம் போட்டா கம்ப்யூட்டருக்கு மருவாதியா இருக்குமாடா? ரேசன் கார்டுல உள்ள பேர எழுது" என்றேன். எழுதினாய். மதுரையில் நீ வேலை பார்க்கும் கடையிலிருந்து இங்கிலீஷில் அடித்துக் கொண்டுவந்தாய். ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக, நீளமான தாள். விரித்தால் உசிலம்பட்டியிலிருந்து தேனி வரை போகும். நான் விரல் வைத்துப் படித்தேன். மா. காசிமாயன். கொஞ்சம் தள்ளி மறுபடி மா. காசிமாயன். எண்ணிப் பார்த்தால் ஏழு.

"என்னடா இது, ஒரே பேரு ஏழு தடவ வந்திருக்கு? ஒம் மிஷினுக்குத் திக்குவாயா?" என்றேன்.

"சித்தப்பா, அவுக ஏழு பேரும் வேற வேற ஆளா இருந்தா?" என்று நீ கேட்டாய். கேட்டாய் என்பதை இங்கே கொட்டை எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

"ஏழு பேருக்கு ஒரே பேரு வைக்க நம்ம ஊர்க்காரங்க என்ன கிறுக்கங்களா? ரெண்டாவது தடவ வர்ற பேரையெல்லாம் தூக்கிரு" என்று உத்தரவு போட்டேன்.

தூக்குவதற்கு உனக்கு ஒரு கட்டளை தெரிந்திருந்தது. கண்ணாடிக் கதவுக்குள் கற்றதுதான். ஒரு பெயர் ஒரு தடவைதான் நிற்கும், மிச்சமெல்லாம் மறைந்துபோகும். தூக்கினாய். இப்போது இதைப் படிக்கும் பயணிகளுக்காகச் சொல்கிறேன்: நம் ஊரில் மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். காசிமாயன் என்று ஒரு தாத்தா இருந்து, அவருக்கு ஏழு மகன்கள் பிறந்தால், ஏழு வீட்டிலும் மூத்தவன் காசிமாயன். அந்த ஏழு அப்பன்மார் யாரென்றால், மாயாண்டி, மாரிமுத்து, மாயழகு, மாடசாமி... எல்லோருக்கும் முதல் எழுத்து 'மா'. ஏழு மா. காசிமாயன்! அதில் ஒருவர் யார் தெரியுமா? மாயாண்டி மகன் காசிமாயன், என் உடன்பிறந்த அண்ணன், உன்னைப் பெற்ற அப்பன். பிறந்ததிலிருந்து "அண்ணே" என்று மட்டுமே கூப்பிட்டு வந்ததால், அவருக்கு ஒரு பெயர் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இப்படியொரு தம்பியை எந்தத் தவம் செய்து பெற்றாரோ!

காலை பதினொரு மணி. பந்தலில் பனையோலைமேல் கூறு போட்ட கறி வரிசையாக இருக்கிறது. நான் மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமி, "மா. காசிமாயன் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாகப் பந்தலுக்கு வந்து தமது பங்கைப் பெற்றுக்கொள்ளுமாறு விழாக் குழு சார்பில் அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்!" என்றேன். ஏழு பேர் ஏழு தூக்குவாளியோடு எழுந்து வந்தார்கள். கூறு ஒன்றுதான் இருந்தது.

"ஏய் மைக்கு, எந்தக் காசிமாயன்டா?" என்றார் நெட்டை.

"கம்ப்யூட்டர் காசிமாயன்," என்றேன்.

"அவன் எந்தத் தெருடா?"

முன்னால் நின்ற சோடாக்காரர் சத்தமில்லாமல் அந்தக் கூறை அள்ளித் தன் வாளியில் போட்டுக்கொண்டு, "பேரச் சொன்னாக, வந்தேன்" என்றார். டெய்லருக்கு ஆத்திரம். "அளவெடுக்காமத் தச்ச சட்டை மாதிரியில்ல இருக்கு ஒங்க லிஸ்ட்டு! ஒருத்தனுக்கு மாட்டுது, ஆறு பேருக்குக் கிழியுது!" பட்டாளத்தார்தான் நிதானமாகச் சொன்னார்: "தம்பி, பட்டாளத்துல எங்க கம்பெனில மட்டும் நாலு ராம் சிங்கு. பேரச் சொன்னா ஒருத்தனும் திரும்ப மாட்டான். நம்பரச் சொன்னாத்தான் திரும்புவான். அதுக்குத்தான நம்பரு." அதைக் கேட்க அங்கே யாருக்கும் காது இல்லை. ஆறு வீட்டுச் சனமும் பந்தலுக்குள் வந்துவிட்டது. கடைசியில் சோடாக்காரர் வாளியில் இருந்ததையும் ஓலையில் திரும்பக் கொட்டவைத்து, எல்லாக் கூறிலிருந்தும் ஒரு பிடி எடுத்து ஆறு கூறு புதிதாகப் போட்டார்கள். யாருக்கு எது என்பதற்கு, என் தாளை ஓரமாகச் சுருட்டி வைத்துவிட்டு, பழையபடி அடையாளம் போட்டார்கள். ஒவ்வொரு வீடும் ஒரு பொருளைக் கொடுக்கும். டெய்லர் ஒரு பட்டன், சோடாக்காரர் ஒரு கோலி, நெட்டை ஒரு பஸ் டிக்கெட், உன் அப்பா ஒரு பருத்திக்கொட்டை. எல்லாவற்றையும் குலுக்கி, கூறுக்கு ஒன்றாகப் போடுவார்கள். உன் பொருள் எந்தக் கூறில் விழுந்ததோ அது உன் பங்கு. பத்து நிமிடத்தில் முடிந்தது. ஏழு காசிமாயனும் ஏழு பங்கோடு போனார்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. கூச்சல் உச்சத்தில் இருந்தபோது, நான் மைக்கில் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். எனக்கும் தினமும் நினைவிருக்கிறது. "பெரியோர்களே, அமைதி! பையன் லிஸ்ட்டுல ஏதோ கோளாறு பண்ணிட்டான்" என்றேன். ஆறு குழாய். மூன்று ஊருக்குக் கேட்டிருக்கும். பட்டப்பெயரை எடுக்கச் சொன்னவன் நான், ஏழை ஒன்றாக்கச் சொன்னவன் நான், சந்தேகப்பட்டுக் கேட்ட உன் வாயை அடைத்தவன் நான். பழியைப் பையன் என்ற ஒரே சொல்லில் உன் தலையில் கட்டிவிட்டு, "ஃபீஸ் போயிருச்சு" என்று சொல்லி ஆம்பிளிஃபயர் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். ஃபியூஸ் ஒன்றும் போகவில்லை. அதனால்தான் இந்த உறையை ஒட்டவில்லை, மகனே. அந்தப் பொய் ஆறு குழாயில் போனது. இந்த உண்மை ஒரு டவுன் பஸ்ஸிலாவது போகட்டும். கண்டக்டர் அவர்களே, இந்தப் பத்தியைச் சத்தமாக வாசியுங்கள்.

மனசாட்சி உறுத்தியதில் போன வாரம் இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு மதுரைக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. உனக்கு ஏற்ற பயிற்சி எது என்று மாறுவேடத்தில் நகர்சோதனை போன அரசர்களைப் போலப் போனேன். வேடம் என்பது துவைத்த சட்டை மட்டும். முதலில் அதே கண்ணாடிக் கதவு. இந்தத் தடவை வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கேள்வி கேட்டேன். மேசையில் இருந்த தம்பி தங்கமான பிள்ளை, குளிர்ந்த தண்ணீர் கொடுத்தான்.

"சார், அட்வான்ஸ்டு டிப்ளமோ சேருங்க. நாலு மாசத்துல பன்னெண்டு பேக்கேஜ். எஸ்.க்யூ.எல். அதுல ஒன்பதாவது."

"எத்தன நாளு தம்பி?"

"ஆறு நாள் சார்."

"ஒரு ஊர்ல ஏழு காசிமாயன் இருந்தா, அத எப்படி எழுதி வைக்கணும்னு சொல்லித் தருவீகளா?"

அவன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். "டேபிள் டிசைன் ஒரு சாப்டர் இருக்கு சார். வீட்டுல படிச்சுக்கச் சொல்லுவோம். ஆனா ஆளுக்கு ஒரு மிஷின் சார், வேற எங்கயும் கெடைக்காது."

அது உண்மை. ஆளுக்கு ஒரு மிஷின் என்பது சாதாரண விஷயமில்லை. குறித்துக்கொண்டேன்.

அடுத்தது தெற்குவாசல் பக்கம் ஒரு சந்து. கீழே ஜமக்காளக் கடை, மேலே வகுப்பு. மாடிப்படி என்றால் படியா அது? இமயமலையில் ஏறியவன்கூடப் பாதியில் உட்கார்ந்து பீடி பற்றவைப்பான். மேலே ஒரு அறை, ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு ஒரு துணி உறை, ஒன்பது பிள்ளைகள், ஒரு கரும்பலகை. நடத்துகிறவர் ஜமீலா டீச்சர். பெங்களூரில் சில வருடம் ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை பார்த்துவிட்டு, அவருடைய அத்தாவின் கடைக்கு மேலேயே வகுப்பு ஆரம்பித்திருக்கிறார். முப்பத்தைந்து வயதுக்குமேல் இராது. நான் போனபோது பிள்ளைகள் ஒருவரும் மிஷின் பக்கம் இல்லை. தரையில் உட்கார்ந்து தாளில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்தார்கள்.

"மிஷினத் தொட விடமாட்டீகளாம்மா?" என்றேன்.

"மூணு வாரம் விடமாட்டேன்ணே. மொதல்ல எதை எங்க வைக்கிறதுன்னு தெரியணும். தப்பா வச்சா மிஷினு அந்தத் தப்பையே வேகமாச் செய்யும், அம்புட்டுத்தான்."

எனக்குச் சுருக்கென்றது. காசிமாயன் கதையைச் சொன்னேன். பெயர்களை மாற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். மாற்றினால் கதையே இல்லை. ஒன்பது பிள்ளைகளும் உருண்டு உருண்டு சிரித்தார்கள். டீச்சர் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சாக்பீஸை நீட்டினார்.

"அண்ணே, அந்த அடையாளம் போட்டீங்கள்ல, ரெண்டு பேரு ஒரே பொருளப் போட்டா?"

"அது எப்படிப் போடுவான்? மொதல்லயே 'நான் பட்டனு'ன்னு சொல்லிருவான்ல. அடுத்தவன் வேற பொருளு தேடிக்கணும்."

"பங்கு வாங்குறதுக்குள்ள பொருள மாத்தலாமா?"

"மாத்துனா அடிதான் விழுகும்."

"பாதிப் பாடம் முடிஞ்சுது" என்று பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "ஒருத்தருக்கு ஒண்ணு, ரெண்டு பேருக்கு ஒரே பொருளு வரக்கூடாது, நடுவுல மாறக்கூடாது. பேரு அப்படி இல்ல. அதனாலதான் பேர நம்பி டேபிளு, அதான் இந்தக் கட்டம், போடக்கூடாதுங்கிறேன்."

நான் பெருமிதத்தில் நிமிர்ந்து நின்றேன். உடனே அடுத்த கேள்வி விழுந்தது. "சரிண்ணே, ஒரு வீட்டுல ரெண்டு மகனும் கல்யாணம் முடிச்சுத் தனிக்குடித்தனம் போயிட்டாக. இப்ப எத்தன பங்கு? பழைய அடையாளம் யாருக்கு?" சாக்பீஸை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். ஆள் வேறு, வீடு வேறு. ஆளுக்கு ஒரு கட்டம், வீட்டுக்கு ஒரு கட்டம், எந்த ஆள் எந்த வீடு என்பதற்கு நடுவில் ஒரு கோடு என்று அவர் வரைந்து காட்டினார். நம் ஊர்ப் பங்காளிச் சண்டையில் முக்கால்வாசி அந்த ஒரு கோடு இல்லாததால் வந்தது என்று சத்தியம் செய்வேன்.

பிறகு கேட்டார்: "மேற்குத் தெருவுல இன்னும் பங்கு வாங்காதவங்கள மட்டும் கூப்பிடணும்னா மைக்குல எப்படிச் சொல்வீங்க?"

"மேற்குத் தெருவைச் சேர்ந்த, இதுவரை பங்கு பெறாத தலைக்கட்டுகள் மட்டும் பந்தலுக்கு வரவும்!" என்று முழங்கினேன். கீழே ஜமக்காளக் கடையில் ஒருவர் எழுந்து நின்றுவிட்டாராம். டீச்சர் அதை மூன்று வரி இங்கிலீஷில் பலகையில் எழுதினார். என்ன வேண்டும், எந்தக் கட்டத்திலிருந்து, என்ன நிபந்தனை. "இதுதாண்ணே எஸ்.க்யூ.எல். எந்த வீட்டுக்கு எந்த வழியாப் போகணும்னு சொல்ல வேணாம். யாரு வேணும்னு சரியாச் சொன்னாப் போதும், மிஷினு தேடிக்கிரும்." ஆக, இருபது வருடமாக நான் பேசி வந்தது எஸ்.க்யூ.எல். என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு முடிசூட்டாத குறை. அதையும் அவரே இறக்கி வைத்தார்: "ஆனா எந்த வீடு எந்தத் தெருவுன்னு நீங்க எழுதியே வைக்கலன்னா, எம்புட்டுக் கத்துனாலும் யாருண்ணே வருவா?"

இன்னொன்றும் கேட்டேன், மடக்குவதற்காக. ஆஸ்பத்திரிக்குப் பெயர் சொல்லத் தெரியாத நிலையில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தால், முன்னால் வந்து போனவரா, புதியவரா என்று மிஷின் எப்படிக் கண்டுபிடிக்கும்? "தெரியலண்ணே. அதை ஆஸ்பத்திரிக்காரவுககிட்டதான் உக்காந்து கேக்கணும்" என்றார். தெரியாது என்று சொல்லும் வாத்தியாரை என் பள்ளிக்கூட வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. எனக்கு வாய்த்தவர்கள் பிரம்பைத்தான் பதிலாக வைத்திருந்தார்கள்.

குறையையும் சொல்லவேண்டும். ஒன்பது பேருக்கு ஒரே மிஷின், ஆளுக்குத் தினமும் அரைமணி நேரம். கரண்ட் போனால் அதுவும் இல்லை. சர்டிபிகேட் என்றால் டைப் அடித்த ஒரு தாள். உன் சித்தி அதை ஃபிரேம் போடமாட்டாள். ஆஸ்பத்திரிக்காரர் அந்தத் தாளை மதிப்பாரா என்று எனக்குத் தெரியாது. நீதான் நேரில் கேட்கவேண்டும். படித்து வேலைக்குப் போன பிள்ளைகளிடம் விசாரிக்கலாமா என்றேன். இரண்டு விலாசம் எழுதிக் கொடுத்தார். "என்னையத் திட்டுறவுக விலாசமும் வேணும்னா தாரேன்" என்றார். அந்த மூன்றாவது விலாசத்தையும் வாங்கி வந்திருக்கிறேன். மூன்றும் உறைக்குள் இருக்கின்றன. முதலில் திட்டுகிறவரைப் போய்ப் பார். அவர் என்னத்துக்குத் திட்டுகிறார் என்று தெரிந்தால், உனக்கு அது ஆகுமா ஆகாதா என்று தெரிந்துவிடும்.

இரண்டில் எது என்று நான் சொல்லமாட்டேன். ஜமீலா டீச்சர் வகுப்பில் சேர் என்று இந்தக் கடிதத்தில் எங்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேனா? சொல்லவில்லை. பஸ்ஸில் உள்ள அத்தனை பேரும் சாட்சி. போன தடவை உனக்காக நான் தேர்ந்தெடுத்தேன். அந்தக் குளிர் இன்னும் உன்னை விடவில்லை. இந்தத் தடவை நீ போ. இரண்டு இடத்திலும் ஒரு வகுப்பு உட்கார்ந்து பார். உன் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றைக் கையில் கொண்டுபோய், இதை எப்படிக் கட்டம் பிரிப்பீர்கள் என்று கேள். பதில் சொல்கிறார்களா, உன்னைத் திருப்பிக் கேட்கிறார்களா என்று கவனி. உன்னைச் சங்கடப்படுத்துகிற கேள்வி எங்கே கிடைக்கிறதோ அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நில். உன் கையால் எழுதி, உன் கையால் தப்பாக்கி, உன் கையால் திருத்த எங்கே விடுகிறார்கள் என்று பார். மிச்சமெல்லாம் கம்பளமும் டையும். ஆள் மாறிவிடுமோ என்று பயமாயிருக்கிறது என்கிறாயே, அந்தப் பயத்தை எந்த வகுப்பிலும் சொல்லித் தரமுடியாது. அது இல்லாதவனிடம் என் ரத்தக் குரூப்பைச் சத்தியமாகக் கொடுக்கமாட்டேன். என் ரத்தமோ சிங்கத்தின் ரத்தம், கிடைப்பது அரிது.

இம்மட்டில் முடித்துவிட்டு, பருத்திக்காட்டிலிருந்து வந்த உன் அப்பாவுக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன். அவர் கைகால் கழுவிக்கொண்டே கேட்டார். மைக்கில் நான் உன்மேல் பழி போட்ட இடம் வந்தபோது செம்பு ஒரு நொடி நின்றது, பிறகு ஊற்றினார். வாசித்து முடித்தேன்.

"எல்லாம் எழுதிட்டயா?"

"சொச்சம் ஒண்ணுமில்லண்ணே."

"அவன் அன்னிக்கு அஞ்சு வீட்டுக்குப் போனானே, அத எழுதலயா?"

"எந்த அஞ்சு வீடு?"

"ஒனக்கு எப்படித் தெரியும்? நீ ஃபீசு போடப் போயிட்ட." துண்டால் முகம் துடைத்தார். "கறி பங்குவச்சு முடிஞ்சதும் எல்லாரும் சாப்பிடப் போயிட்டாக. அவன் அந்தத் தாளத் தூக்கிக்கிட்டு, உச்சி வெயில்ல, விட்டுப்போன அஞ்சு வீட்டுக்கும் போனான். டெய்லர் பொஞ்சாதி வாசல்ல வச்சுக் கால் மணி நேரம் வஞ்சா. வஞ்சு முடிக்கிற வரைக்கும் நின்னான். அப்பறம், 'பெரியம்மா, ஒங்க வீட்ட எப்படி எழுதுனா ஒங்களுக்குச் சரி?'ன்னு கேட்டு எழுதிக்கிட்டான். அஞ்சு வீட்டுலயும் அப்படித்தான். சித்தப்பா சொல்லித்தான் செஞ்சேன்னு ஒரு வீட்டுலயும் சொல்லல. ஆறாவதா நம்ம வீட்டுக்கு வந்து எங்கிட்டயும் கேட்டான்."

நான் வாசித்து முடித்த தாள்களை மடித்து வைத்தேன். வாழ்நாள் முழுக்க ஊரையே என் குரலிடம் வரவழைத்தவன் நான். ஒரு வீட்டு வாசலுக்குப் போய் நின்று, வாங்கிக் கட்டிக்கொண்டு, சரியானதைக் கேட்டு எழுதியதில்லை. அதை எந்த வகுப்பிலும் சேராமலே நீ செய்திருக்கிறாய்.

"வேற என்னண்ணே எழுத?" என்று கேட்டேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தன் இரண்டு வரியைச் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்:

"தப்பு வராமப் பாக்குறதப் போயிப் படி. வந்தா என்ன செய்யணும்னு ஒனக்குத் தெரியும், அத ஆஸ்பத்திரில போயிச் சொல்லு."

திங்கட்கிழமை காலை நான் கூட வரமாட்டேன், மகனே. நீ மட்டும் போ. சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. டெய்லர் வீட்டு வாசலில் பேசிய அதே குரலில், "செய்றேன் சார், நாலு மாசம் குடுங்க" என்று சொல்.